மிகைவிளக்கு: ஆதம்பாக்கத்து லோடு வண்டி ஒன்றை முன்வைத்து ஒரு பாடபேத ஆராய்ச்சி

கம்பர் பாடியதாகத் தோன்றாத பாடல்களைப் பதிப்பாசிரியர்கள் ‘மிகைப்பாடல்’ என்று பிரித்துத் தனியே வைப்பார்கள். அந்த மரபை ஒட்டி, கம்பெனிக்காரன் பொருத்தி அனுப்பாத விளக்கை இக்கட்டுரை ‘மிகைவிளக்கு’ என்று வழங்கும். உலக வழக்கில் அதற்கு ஃபோகஸ் லைட், எக்ஸ்ட்ரா லைட், பார் லைட் என்று பல பெயர்கள். விற்கிற டப்பாவின் மேல் மட்டும் ‘ஆஃப் ரோடு லைட்’ என்று அச்சடித்திருக்கும். எனக்குச் சிக்கல் அந்த டப்பாவில்தான் தொடங்கியது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலப்பிரதி, எங்கள் எதிர்வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப் வண்டி. உரிமையாளர் தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்துகிறார். வண்டி சாதாரண நாளில் கேன் ஏற்றும், முகூர்த்த நாளில் பந்தல் சாமான் ஏற்றும், ஆடி மாதம் கூழ் அண்டா ஏற்றும். ராத்திரியில் அது நங்கநல்லூரைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. “இதுக்கு எதுக்குங்க ஆஃப் ரோடு லைட்டு?” என்று கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்” என்றார். முனைவர் பட்டம் வாங்கி இருபது வருஷம் ஆனவனிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஐந்திணையில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு கெட்டால் அதுதான் பாலை. ஆஃப் ரோடும் அப்படியே. ஆதம்பாக்கத்தில் அதற்கெனத் தனி நிலம் இல்லை. ரோடு தன் இயல்பு திரிந்தால் ஆஃப் ரோடு. திரிவதற்குக் காரணங்களும் குறைவில்லை. மழைநீர் வடிகால் ஒரு பக்கம் வெட்டுவார்கள். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோவின் ஐந்தாம் வழித்தடத்துக்கு இன்னொரு பக்கம் தகரம் அடைப்பார்கள். வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பு 2008-ல் தொடங்கி, எங்கள் ஊரில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்காக வருஷக்கணக்கில் நின்றது. அந்தத் தூண்களின் கீழே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பையன்கள் இன்று அதே தூண்களின் கீழே தங்கள் பையன்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். இந்தத் திணைக்குச் சிறுபொழுது நள்ளிரவு. கருப்பொருள் தார் டிரம், தடுப்புத் தகரம், நாய். உரிப்பொருள் பாலைக்குச் சொன்னதுதான், பிரிதல்: சைலன்சர் வண்டியைப் பிரிதல்.

வரலாற்றுச் சான்று வேண்டுவோர்க்கு ஒன்று தரலாம். சென்னைக்கு எதிரே நின்று பெரிய ஃபோகஸ் லைட் போட்டவர்களில் பேர்போனவன் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, தேடுவிளக்கை அடித்துப் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்துச் சுட்டது. ஆக, இந்த ஊரில் மிகைவிளக்கு நல்லெண்ணத்தோடு அறிமுகமானதாகச் சொல்ல வழியில்லை. “அவன் பெரிய எம்டன்டா” என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் இருக்கிறது.

இனி, விளக்கைத் தேர்ந்தெடுக்கும் படலம். சென்னையில் பழையது வேண்டுமென்றால் புதுப்பேட்டை, புதுசு வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு. ஓனரோடு நானும் போனேன். கடையில் ஸ்பாட், ஃப்ளட் என்று இரண்டு சாதி உண்டு. ஸ்பாட் ஒடுங்கித் தூரம் போகும், ஃப்ளட் விரிந்து பக்கத்தில் நிற்கும். வேளச்சேரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான எங்களிடம் ‘ஃப்ளட்’ என்று சொல்வதற்குக் கடைக்காரர் ஒரு கணம் தயங்கிய மாதிரி எனக்குத் தோன்றியது. டப்பாவில் ஐ.பி.67 என்று போட்டிருந்தது. தூசி நுழையாது, 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிஷம் கிடந்தாலும் கெடாது என்பது அதன் பொருள். “முப்பது நிமிஷம்தானா?” என்றார் ஓனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வண்டி எவ்வளவு நேரம் தண்ணீரில் நின்றது என்பது அவருக்குத்தான் தெரியும்.

வாட்டில் வரும் பாடபேதம் தமிழ்ச் சுவடிகளையே வெட்கப்பட வைக்கும். வண்டியோடு வரும் ஹாலோஜன் பல்பில் 60/55 என்று போட்டிருந்தால் பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட். கம்பெனி சொல் தவறாது. ஓனர் வாங்கிய பட்டை விளக்கின் (பார் லைட்) டப்பாவிலோ 300 வாட். வீட்டுக்கு வந்ததும் எலக்ட்ரீஷியன் பாய் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி எனக்குக் காட்டினார். இன்ஜின் ஓடுகையில் 14 வோல்ட்டு, இழுத்த கரன்ட் 2.8 ஆம்பியர். பெருக்கினால் 39 வாட். டப்பா 300 என்கிறது, மீட்டர் 39 என்கிறது. ஏட்டுப் பிரதிக்கும் அச்சுப் பிரதிக்கும் இவ்வளவு வேறுபாடு இருந்தால் நாங்கள் அச்சுப் பிரதியைத்தான் போலி என்போம். எல்இடி என்பதால் 39 வாட்டே ஹாலோஜனைவிட அதிக வெளிச்சம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மடங்கு தூரத்தில் அதே வெளிச்சம் விழ நான்கு மடங்கு விளக்கு வேண்டும் என்பதும் உண்மை. எங்கள் தெருவோ 20 அடி.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை வண்டிக்கு மஞ்சள் முகவிளக்குதான் என்று சட்டம் வைத்திருந்தார்கள். பனிக்கு மஞ்சள் நல்லது என்று கடைக்காரர் சொன்னார். மீனம்பாக்கத்தில் விமானத்தை நிறுத்தி வைக்கிற அளவுக்கு எங்களுக்குப் பனி என்று ஒன்று வருவது போகியன்று விடிகாலையில், அதுவும் டயர்ப் புகை. வருஷத்துக்கு ஒரு நாளைக்காக மஞ்சள் வாங்குவதா? ஓனர் வெள்ளை வாங்கினார்.

வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான், கிண்டி பாலத்தில், எனக்கு விஷயம் புரிந்தது. எதிரே ஒரு கார் எல்இடி கண்களை உருட்டிக்கொண்டு வந்தது. ஓனர் டிம், பிரைட், டிம் என்று மூன்று முறை அடித்துக் காட்டினார். அவன் குறைக்கவில்லை. எங்கள் பேரில் வெளிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போனான். ஓனர் எதுவும் திட்டவில்லை. மடியில் இருந்த டப்பாவை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது வெளிச்சமே இல்லை. ஆதம்பாக்கத்தில் தெருவிளக்கு எரிகிறது, ஓனருக்கு ஒவ்வொரு பள்ளமும் மனப்பாடம். அவருக்கு வேண்டியது பதில். மிகைவிளக்கு என்பது எசப்பாட்டு. இதுதான் இந்த ஆய்வின் துணிபு, மீதியெல்லாம் உரை.

உரை என்றதும் சட்டம் வருகிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி ஒரு கண்ணைக் கற்பனை செய்கிறது. அந்தக் கண் விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்தக் கண் கூசக் கூடாது. அது யாருடைய கண் என்று விதி சொல்லவில்லை. உரைகாரன் சொல்லலாம்: ஸ்கூட்டரில் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு திரும்பும் மாமியின் கண் என்பது என் பாடம். 111-ஆம் விதி இன்னும் கடுமை. ஸ்பாட் லைட்டோ தேடுவிளக்கோ வண்டியின் முன்னால் வைக்கவே கூடாது. விதிவிலக்கான சூழ்நிலை என்றால் பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இதை நான் வாசித்துக் காட்டியபோது ஓனர் நச்சினார்க்கினியர் ஆகிவிட்டார். “ஸ்பாட்டுனுதானே சார் போட்டிருக்கு? இது பாரு” என்றார். சொல்லைப் பிரித்து, இடம் மாற்றி, தனக்கு வேண்டிய பொருளை எடுப்பதில் அவருக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு என் ஆய்வேட்டிலேயே வந்ததில்லை. எஃப்.சி. காட்டும் அன்றைக்குக் கழற்றி மறுநாள் மாட்டிக்கொள்ளலாம் என்பது பாயின் உரை. இரண்டு உரைக்கும் நான் பொறுப்பில்லை.

முன்பெல்லாம் முன்னால் ஒரு கம்பி கார்டு அடித்து அதில் விளக்கைக் கட்டுவார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு அந்தக் கார்டுகளுக்குத் தடை சொன்ன பிறகு மிஞ்சும் இடம் இரண்டு: கேபின் தலை, பம்பர். தலையில் வைத்தால் வண்டி ராஜாவாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் பானட்டில் பட்டுத் திரும்பி ஓட்டுகிறவர் கண்ணிலேயே விழும், மழை பெய்தால் ஒவ்வொரு துளியும் ஒரு சின்ன பல்பாக மாறும். விளக்கு கண்ணுக்குக் கீழே, தள்ளி இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. ஓனர் ஒருவழியாகப் பம்பருக்கு இறங்கி வந்தார்.

பொருத்தும் வேலை எங்கள் துறையில் இடைச்செருகல் எனப்படும். கம்பெனி ஒயரிங் மூலபாடம். அதில் கண்ட இடத்தில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுகிறவன் பாடத்தைக் கெடுக்கிறவன். பாய் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. “நேரா சுவிட்சுல குடுத்தா சுவிட்சு உருகிடும் சார்” என்று சொல்லி ரிலேயை எடுத்தார். ரெண்டு 55 வாட் ஹாலோஜன் போட்டாலே 9 ஆம்பியருக்கு மேல் ஓடும், அதைச் சின்ன சுவிட்சு தாங்காது. சுவிட்சு ரிலேக்குச் சாடை காட்டினால் போதும், பாரத்தை ரிலே சுமக்கும். இந்தப் பட்டைக்கு அவ்வளவு தேவையில்லைதான், ஆனால் “நாளைக்கு இன்னொண்ணு மாட்டுவாரு சார், எனக்குத் தெரியும்.” ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள். 30-ல் பேட்டரி, வழியில் ஒரு ஃபியூஸ். 87-ல் விளக்கு. 86-ல் சாடை, 85-ல் எர்த். இந்த எண்கள் ஜெர்மானியத் தரநெறியிலிருந்து உலகம் முழுக்கப் போனவை. எம்டனை அனுப்பிய தேசமே ரிலேக்கு நம்பரும் போட்டுத் தந்திருக்கிறது என்பதை நான் சொன்னபோது பாய் ஃபியூஸ் ஹோல்டரைப் பல்லில் கடித்தபடி தலையாட்டினார்.

சாடை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சண்டை. தனி சுவிட்சு வேண்டும், நினைத்தபோது எரிய வேண்டும் என்றார் ஓனர். பிரைட் ஒயரிலிருந்து எடுக்கணும், டிம் அடித்தால் தானாக அணையணும் என்றார் பாய். கடைசியில் பிரைட் ஒயருக்கும் ரிலேக்கும் நடுவே ஓனரின் சுவிட்சு உட்கார்ந்தது. பிரைட்டும் இருக்க வேண்டும், சுவிட்சும் போட வேண்டும். டிம் அடித்தால் எசப்பாட்டு நின்றுவிடும். ஓனருக்கு இது தெரியும். ஒப்புக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் வீட்டு அம்மாவும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்.

இனி, குறி பார்ப்பது. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் பரங்கிமலை தெரியும். அதன் அடியிலிருந்துதான் 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்க முதல் அடிக்கோட்டைத் தொடங்கினார். 100 அடிச் சங்கிலி, 57 நாள், ஏழரை மைல். ஏழரையில் தொடங்கிய காரியம் உருப்படுமா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும், உருப்பட்டது. அந்தப் பெருமையை முன்னிட்டு நானும் டேப்பை எடுத்துக்கொண்டேன். சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மையம் எந்த உயரமோ அந்த உயரத்தில் சுவரில் கோடு போட்டு, வெளிச்சத்தின் கொழுந்து அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே விழும்படி திருக வேண்டும். தெரு 20 அடி என்று முன்பே சொன்னேன். சட்டம் கேட்கும் 8 மீட்டரோ 26 அடிக்கு மேல். சட்டத்தின் கண்ணே எங்கள் தெருவில் நிற்க இடமில்லை. ஆகவே ஓனர் வீட்டுக் கேட்டைத் திறந்து, துளசி மாடத்தை நகர்த்தி, கேன்களை ஒதுக்கி, வண்டியைப் பின்னாலேயே போர்டிகோவுக்குள் விட்டோம். டேப்பின் ஒரு முனையைப் பாய் பிடித்தார். மறுமுனை என் வீட்டுச் சுவரில், என் கையில். சாக்பீஸ் கோடு 62 சென்டிமீட்டர் உயரத்தில்.

“போடுங்க” என்றேன்.

போட்டார். சுவர் வெள்ளை வெளேரென்று பற்றிக்கொண்டது. நடுவில், என் கோட்டின் மேலேயே, பூசணிக்காய் அளவுக்கு ஓர் உருண்டை நிழல். அதன் கீழே கத்திகளைப் போல ஏழு நிழல். பம்பரில் அமாவாசைக்குக் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும். கொழுந்து எங்கே விழுகிறது என்று பார்க்கவே முடியவில்லை. சுவருக்குப் பின்னால், எங்கள் வீட்டு ஜன்னலில், “என்னங்க அது?” என்று குரல் கேட்டது.

“அதை மட்டும் கொஞ்சம் கழட்டிடலாமா?” என்றேன்.

ஓனர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாயும் பார்த்தார். பிறகு ரெண்டு பேருமாகக் கீழே உட்கார்ந்து, பிராக்கெட் நட்டைத் தளர்த்தி, விளக்கை இடது பக்கம் நாலு விரல் நகர்த்தினார்கள்.