தண்ணீர் குடிக்காத பகல்கள்

1998-இல் எனக்கு அரசு வேலை கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 3 சதவீத ஒதுக்கீட்டில் வந்த வேலை அது. எங்கள் பிரிவு இருந்ததோ முதல் மாடியில். போலியோ தாக்கிய இரண்டு கால்களிலும் காலிப்பர் மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றிப் பற்றி நான் மேலே போய்ச் சேர்வதற்குள் வருகைப் பதிவேடு அதிகாரி மேசைக்குப் போய்விடும். மழை நாளில் படி வழுக்கும். அப்போதெல்லாம் அலுவலக உதவியாளர்கள் இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். "பயப்படாதம்மா, கெட்டியா பிடிச்சுக்க" என்பார் மூத்தவர். அந்த நல்ல மனசை நான் மறக்கவில்லை. ஆனால் உழைத்துச் சம்பளம் வாங்கும் ஒரு பெண், ஊரே பார்க்க, இரண்டு ஆண்கள் சுமந்து போய்த் தன் இடத்தில் உட்காருவது எத்தனை கூச்சம் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

படியையாவது சமாளித்தேன். கழிப்பறையை முடியவில்லை. கீழ்த்தளத்தில், கட்டடத்துக்குப் பின்புறம், உயரமான மேடை மேல் குந்தி உட்காரும் வகை. முழங்காலைப் பூட்டி நிறுத்தும் காலிப்பரோடு யாரும் குந்த முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. அதனால் காலையில் வீட்டில் அரை டம்ளர் காபி, அதோடு சரி. மாலை வீடு திரும்பும்வரை ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது, சித்திரை வெயிலிலும்தான். பதினொரு மணிக்கு டீ வந்தால் வேண்டாம் என்பேன். எனக்கு டீயே பிடிக்காது என்று பிரிவில் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு டீ அவ்வளவு பிடிக்கும்.

சிறுநீர்த் தொற்று விடாமல் வந்தது. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பின்னாளில் சங்கக் கூட்டங்களில் பள்ளி ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள் என்று என்னைப் போன்ற பெண்களைப் பார்த்துப் பேசியபோதுதான் தெரிந்தது, எல்லோருமே வறண்ட தொண்டையோடுதான் வேலை பார்த்திருக்கிறோம். இதைப் பற்றி வீட்டில்கூட யாரும் பேசியதில்லை.

இப்போது எங்கள் அலுவலகம் புதுக் கட்டடத்தில். பழைய சட்டத்துக்குப் பதிலாக 2016 சட்டம் வந்து ஒதுக்கீடு 4 சதவீதம் ஆகிவிட்டது. வாசலில் சாய்தளம் இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று சரியாகவே கட்டியிருக்கிறார்கள். லிஃப்ட் இருக்கிறது. சக்கர நாற்காலிப் படம் போட்ட கழிப்பறையும் இருக்கிறது, பூட்டோடு. உள்ளே பழைய கோப்புக் கட்டுகள், கால் உடைந்த நாற்காலிகள், துடைப்பங்கள்.

ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 2016 சட்டம் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனில் முடிந்துபோனது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் உத்தரவுகள் பிறப்பித்தது. அவை சரிவர நடக்காததால் 2024 நவம்பரில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கி மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்றது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தண்ணீர் குடிக்காமல் இருந்தது என் உடம்பின் குறை அல்ல, கட்டடத்தின் குறை என்று நாட்டின் பெரிய நீதிமன்றமே சொன்னது போல இருந்தது.

புதிதாக ஒரு பெண் எங்கள் பிரிவில் சேர்ந்தாள், சக்கர நாற்காலியில். முதல் நாளே, "அக்கா, அந்த பாத்ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் நான் கேட்காத கேள்வி. யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் இதற்கென ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அதைக் குறிப்பிட்டு அவள் மனு எழுதினாள். நானும் கையெழுத்துப் போட்டேன். அறை காலியானது. சுவரில் கம்பியும் வந்தது.

ஆனால் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. நாற்காலி உள்ளே போய்விட்டால் கதவைச் சாத்த முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றித் தரச் சொல்லி, அறையையும் நாற்காலியையும் டேப் வைத்து அளந்து, படம் வரைந்து இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை அவள் உள்ளே போகும்போது நான் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். பதினொரு மணி டீயை இரண்டு பேருமே குடிக்கிறோம்.