முடியாத சிற்பமும் முந்திக்கொண்ட யந்திரமும்

(கேரளக் கடலோர ஊரான விழிஞ்ஞத்தின் குடைவரைக் கோயில் முற்றம். கைக்கணினியுடன் ஒரு தொல்சின்னப் பாதுகாப்புத் திட்ட ஆலோசகர். குடையுடன் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர்.)

ஆலோசகர்: ஐயா, எட்டாம் நூற்றாண்டில், ஆய் மன்னர் காலத்தில் குடையப்பெற்றதெனக் கருதப்படும் இச்சிறு குகையின் வெளிச்சுவரில், ஒருபுறம் திரிபுராந்தகரும் மறுபுறம் பார்வதியுடன் நடமிடும் சிவனும் அரைகுறையாக நிற்பதைக் கண்டு மனம் பொறாமல், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவ்விரண்டையும் சில விநாடிகளில் திரையில் பூர்த்தி செய்துவிட்டோம்!

ஆசிரியர்: மிக்க சந்தோஷம், தம்பி. ஆனால் சிற்பி உளியைக் கீழே வைத்தது கூலி பாக்கியினாலா, பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞ்ஞக் கோட்டையை அழித்த அமளியிலா, அன்றிப் பாறை இடங்கொடாமையினாலா என்று நாம் இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறோமே, அதைத் தங்கள் யந்திரம் விசாரித்ததா?

ஆலோசகர்: அதெல்லாம் தரவில் இல்லை. சிவன் முகம் எவ்வளவு தெளிவு, பாருங்கள்!

ஆசிரியர்: தெளிவுதான். தேகாப்பியாச சாலையிலிருந்து நேரே கைலாயத்துக்குப் போனவர்போல் இருக்கிறார்.

ஆலோசகர்: பரிகாசம் வேண்டாம். சிதைந்த கிரேக்கக் கல்வெட்டுகளின் விடுபட்ட எழுத்துகளை ஊகிக்க 2022இல் வெளியான ‘இத்தாக்கா’ என்ற நிரலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அறிஞர் தனியே முயன்றபோது 25 சதவீதம் சரியாயிற்று, யந்திரம் தனியே 62, இருவரும் கூடியபோது 72!

ஆசிரியர்: அற்புதம், அறிஞரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பத்துச் சதவீதம் நஷ்டம் என்றும் அக்கணக்கு சொல்கிறது. அது கிடக்கட்டும், அங்கே எழுதியவன் எழுதி முடித்தான், காலம் அழித்தது, ஆகவே தேடுகிறார்கள், இங்கோ உளியே படாத கல்லில் தொலைந்துபோனது எது? சந்ததியின்றிப் போன சிற்பியின் சொத்துக்கு, அவன் முகமே அறியாத யந்திரம் வாரிசுரிமை கோருவதைப் பாதுகாப்பு என்கிறீர்களே!

ஆலோசகர்: யந்திரமே ஆகாது என்கிறீர்கள். இதே ஊரில், 2025 மே 2ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகத்தில், கப்பல் போக்குவரத்தையே செயற்கை நுண்ணறிவு கண்காணிக்கிறதே!

ஆசிரியர்: கண்காணிக்கிறது, பாதி தெரியும் கப்பலை முழுசாக வரைந்து காட்டி, சரக்கு வந்துவிட்டதென்று ரசீது கொடுப்பதில்லை. அந்தக் காவல் வேலையையே இங்கும் செய்யச் சொல்லுங்கள்: உப்புக்காற்றும் மழைக்கசிவும் இப்பாறையை அரிக்கின்றனவா என்று, மாதந்தோறும் ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து, முன்மாதத்துப் படத்தோடு ஒப்பிட்டு, மயிரிழை விரிசல் கூடினாலும் கூவட்டும். மின்சாரத்தை விழுங்கும் பெரிய கணினிக் கூடமும் அதற்கு வேண்டாம்.

ஆலோசகர்: யோசனை நன்று, ஆனால் ‘இம்மாதமும் மாற்றமில்லை’ என்ற அறிக்கையைத் திறந்துவைக்க எந்த மந்திரி வருவார்?

ஆசிரியர்: வரட்டும், தம்பி. நாடாவைக் கட்டுங்கள், பாதி மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மீதியை யந்திரம் பூர்த்தி செய்துகொள்ளும்.