பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். பிள்ளையோடு இங்கிலாந்தில் குடியேறிப் பகுதிநேர வேலை தேடுபவருக்கு அரசே அதை விதிமுறையாக்கித் தந்திருக்கிறது. 2025 செப்டம்பர் முதல், ஒன்பது மாதக் குழந்தைக்குக்கூட வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்பு உண்டு. தாய், தகப்பன் ஒவ்வொருவரும் வாரம் 16 மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலியையாவது சம்பாதிக்க வேண்டும், அவ்வளவுதான். வேலை தேடி நேர்காணலுக்கு அலையும் நாளில் பிள்ளை யார் இடுப்பில் இருக்கும் என்பது விண்ணப்பத்தில் இல்லாத கேள்வி. அதைச் சமாளித்து இருவரும் ஓடாய்த் தேய்ந்தாலும், 'பொது நிதி கிடையாது' என்ற நிபந்தனையோடு விசா வாங்கிய தம்பதிக்கு அந்த 30 மணி நேரம் கிட்டாது. வருமான வரி பிடிப்பதில் மட்டும் இந்தப் பாகுபாடு இல்லை.

பிள்ளை பள்ளிக்குப் போனால் சரியாகிவிடுமே என்று கேட்கலாம். பள்ளி ஆண்டுக்கு 190 நாள். பிற்பகல் மூன்றேகாலுக்கெல்லாம் வாசலில் நிற்க வேண்டும். 'நெகிழ்வான நேரம்' என்று அழைக்கும் கடை விளம்பரமோ, கடைசி வரியில் மாலையும் வார இறுதியும் கட்டாயம் என்கிறது. வளைய வேண்டியது யார் என்பதில்தான் சின்னக் குழப்பம். சட்டம் இருக்கிறதே என்றால், இருக்கிறது: 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளே நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கலாம். மறுப்பதற்கு எட்டுக் காரணங்களையும் அதே சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஒன்பதாவதை யோசிக்கும் சிரமம்கூட முதலாளிக்கு இல்லை.