மணல் நமக்குப் புதுசா என்ன?

உடன்குடிப் பக்கம் பிறந்தவனுக்கு மணலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. குதிரைமொழித் தேரி இருக்கிறதே, செக்கச்சிவந்த மணல், மேடும் பள்ளமுமாக, நடுநடுவே பனையும் உடைமரமும், அதில் புரண்டு வளர்ந்தவன் நான். சின்ன வயதில் என் டவுசர் பையில் காசு இருந்ததோ இல்லையோ, மணல் இருந்தது. ஆகையால் ஷார்ஜாவில் எங்களோடு தங்கியிருக்கும் மைத்துனன், "அத்தான், டெஸர்ட்ல வண்டி ஓட்டுறது தனி வித்தை. ஒரு குரூப் இருக்கு, ஃப்ரீயாவே சொல்லித் தாராங்க. போவமா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மணல் நமக்குப் புதுசா என்னலே?" என்றேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "தேரியில யாரு சைக்கிள மிதிச்சா? எல்லாரும் உருட்டிக்கிட்டுத்தான போனீங்க?"

என் மனைவிக்குச் சாத்தான்குளம். பக்கத்து ஊரில் பெண் எடுக்காதே என்று பெரியவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

எங்களிடம் ஒரு ஃபோர் வீல் டிரைவ் இருந்தது. செகண்ட் ஹேண்ட். நாலு சக்கரமும் இழுக்கும், லோ ரேஞ்ச் கியர் உண்டு, மலையிலும் போகும், மணலிலும் போகும் என்று விற்றவர் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டி வாங்கி வந்தேன். அதன் பிறகு அது ஏறியதிலேயே உயரமான மேடு எங்கள் பில்டிங் வாசலில் இருக்கும் ஸ்பீட் பிரேக்கர்.

துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில் அல் பதாயர் என்று ஓர் இடம். சாலையோரத்திலேயே பெரிய மணல்குன்று ஒன்று, ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 'பிக் ரெட்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். மணலில் இரும்புத் துரு ஏறியிருப்பதால் அந்தச் சிவப்பு. எங்கள் தேரி சிவந்ததும் அதே துருவால்தான். அதனால் பார்த்த மாத்திரத்தில் எனக்கு அது சொந்தமாகப் பட்டது. அதற்குத்தான் என்னை அடையாளம் தெரியவில்லை.

மைத்துனன் சொன்ன குரூப்பின் கன்வாய்க்குத் தலைவர் ஒரு பாலக்காட்டுக்காரர். எகிப்துக்காரர், பாகிஸ்தான்காரர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லோருக்குமே அவர் 'சேட்டன்'தான். விடிகிற நேரத்திலேயே வரச் சொல்லியிருந்தார். இரவுக் குளிரில் மணல் கொஞ்சம் இறுகியிருக்குமாம். அதோடு உச்சி வெயிலில் நிழலே விழாது என்பதால் எது மேடு, எது பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாதாம். நான் எல்லாம் தெரிந்தவனாகத் தலையசைத்துக்கொண்டு நின்றேன்.

முதல் உத்தரவே எனக்கு இடித்தது. "சாரே, டயர்ல காத்து இறக்குங்கோ."

35 பி.எஸ்.ஐ. இருந்ததை 15-க்கு இறக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்று, குனிந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு நான் அடித்து வைத்த காற்று! அத்தனையும் உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதில் நியாயம் இருக்கிறது, கேளுங்கள். கல்லாய் இருக்கும் டயர் மணலைக் கத்தியாக வெட்டிக்கொண்டு உள்ளே போகும். காற்று இறங்கிய டயர் பிசைந்து வைத்த பரோட்டா மாவாக அமுங்கி நீளும். பாரமும் அகலப் பரவும். வண்டி மணலுக்கு மேலேயே நிற்கும். ஒட்டகத்துக்கு அகலமான, மெத்தென்ற பாதம் அமைந்ததும் இதற்காகத்தான். ரொம்ப இறக்கினாலும் ஆபத்து, வேகத்தில் ஒடித்துத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்துவிடும். சேட்டன் சொன்ன மற்ற விதிகளும் இப்படித்தான் தலைகீழாக இருந்தன. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காதே. சரிவில் குறுக்கே திருப்பாதே, நேராக இறங்கு. மணலில் சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே மிதிக்காதே. முப்பது வருஷமாக ஆபீசிலும் வீட்டிலும் எங்கே சிக்கினாலும் இன்னும் கொஞ்சம் மிதித்துப் பார்ப்பவன் நான்.

மணல்மேட்டுக்கு இரண்டு முகம். காற்று வந்து மோதுகிற பக்கம் மெல்லச் சாய்ந்து, கெட்டிப்பட்டு இருக்கும். அந்தண்டைப் பக்கம் செங்குத்தாக, பொலபொலவென்று, தொட்டால் சரிகிற மணல். கெட்டியான பக்கம் ஏற வேண்டும், மறு பக்கம் இறங்க வேண்டும். உச்சியில்தான் சூட்சுமம். வேகம் கூடினால் வண்டி அந்தரத்தில் பறந்து மூக்கடிபடும். குறைந்தால் உச்சியிலேயே வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். சரியான வேகம் எது என்று சேட்டனைக் கேட்டேன். "அது காலுக்கு மனசிலாகும்" என்றார். என் காலுக்கு அன்றைக்கு வரை மனசிலானது ஷார்ஜா-துபாய் டிராஃபிக் ஒன்றுதான்.

வண்டிக்கு ஒரு வாக்கி-டாக்கி கொடுத்தார்கள். கூட வருகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. மைத்துனன் கையை நீட்டினான். குடும்பத் தலைவன் நான் இருக்கும்போது அவன் எதற்கு? இடது கையில் வாக்கி-டாக்கி, வலது கையில் ஸ்டீயரிங், பக்கத்தில் மனைவி. புறப்பட்டேன்.

வாக்கி-டாக்கியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் மற்றவர்கள் பேசுவது கேட்கும். நாம் அழுத்திக்கொண்டே இருந்தால் ஊரே நம்மைக் கேட்கும், நமக்கு யார் சொல்வதும் கேட்காது. பயந்தவன் கை எதையாவது இறுக்கிப் பிடிக்கும் அல்லவா? என் இடது கை பட்டனைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

முன்னால் போன வண்டிகளின் உயரக் கொடிகள் ஒவ்வொன்றாக மேட்டுக்கு அப்பால் மறைந்தன. என் முறை. பாதி ஏறும்போதே பேனட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, அதற்கு மேலே வெறும் வானம். "முருகா, திருச்செந்தூர் முருகா" என்று ஆரம்பித்தேன். அது கன்வாய் முழுக்கக் கேட்டிருக்கிறது. "பத்திரமா இறக்கி விட்டுரு, வந்து மொட்டை போடுறேன்" என்றேன். அதுவும் கேட்டிருக்கிறது. "போட அங்க என்ன இருக்கு?" என்று என் மனைவி சொன்னது இன்னும் துல்லியமாகக் கேட்டதாம்.

உச்சி நெருங்கியதும் என் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டது. அந்த நேரத்தில் சேட்டன், "விடாதே சாரே, விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். எங்கே கேட்கும்? மைத்துனன் பின்சீட்டிலிருந்து, "அத்தான், பட்டன், பட்டன்!" என்றான். சட்டைப் பட்டனைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், வயிறு மணலில். இதை 'க்ரெஸ்ட் ஆயிட்டான்' என்கிறார்கள். கேட்க என்னவோ பட்டம் வாங்கிய மாதிரி இருக்கிறது. இந்த நேரத்தில் செய்யக் கூடாத ஒரே காரியம் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. மிதித்தேன். சக்கரங்கள் நாலும் சுழன்று, நாலு குழி தோண்டி, அதில் சௌகரியமாக அமர்ந்தன. பக்கத்தில் ஒரு குவாட் பைக் வந்து நின்றது. அதிலிருந்த ஐரோப்பியச் சிறுமிக்குப் பத்து வயதிருந்தால் அதிகம். ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள், இரக்கப்பட்டாள், மேட்டைத் தாண்டிப் போனாள்.

மண்ணைத் தோண்டி வயிற்றை விடுவிக்க வேண்டும். எல்லோரும் மடக்கு ஷவலோடு ஓடி வந்தார்கள். கேம்பிங் கடையில் விற்கிற அழகான சாமான். ஒரு தரத்துக்கு ஒரு கரண்டி மணல் வரும், அதற்குள் மேலேயிருந்து இரண்டு கரண்டி சரியும். அவர்கள் படும் பாட்டைப் பார்த்ததும் எனக்குள் இருந்த தேரிக்காட்டான் விழித்துக்கொண்டான். இதற்கு வேண்டியது ஷவல் இல்லை, மம்பட்டி. குனிந்து நின்று வண்டிக்கு அடியிலிருந்து தன் பக்கம் இழுத்துப் போட வேண்டிய மணலை, நின்றபடி குத்தினால் எப்படி வரும்? அந்த வாரமே இண்டஸ்ட்ரியல் ஏரியா ஹார்டுவேர் கடையில் ஒன்று வாங்கிக் காம்பும் போட்டுக்கொண்டேன். அது எத்தனை பெரிய திருப்பம் என்று அப்போது தெரியவில்லை.

மணல் கைவிட்டதும் மலைக்குப் போனோம். ஹஜர் மலைகள், ஹத்தா பக்கம். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த பாறையாம் அது, பூமி நெருக்கித் தள்ளியதில் மேலே வந்துவிட்டது. வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஒவ்வொரு கல்லும் டயரின் பக்கவாட்டைக் கிழிப்பதற்கென்றே சாணை பிடித்து வைத்தது. இங்கே விதி நேர்மாறு. வேகமே கூடாது, லோ ரேஞ்சில் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து, கல்லுக்குக் கல் சக்கரத்தை வைத்துப் போக வேண்டும். மைத்துனன் இறங்கி முன்னால் நடந்தபடி, "லெஃப்ட் அத்தான், லெஃப்ட்" என்று கை காட்டினான். அவன் நடையை என் வண்டியால் பிடிக்க முடியவில்லை.

மலைக்கு இடையில் வாடிகள் உண்டு. நம் ஊர்க் காட்டாறு மாதிரிதான், வறண்டு கிடக்கும். எங்கேயோ மலையுச்சியில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே திடுமென்று வெள்ளமாய் இறங்கும். அதைப் பார்க்கப் போய் அடித்துச் செல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே 2023-இல் அரசாங்கம் கண்டிப்பான விதி போட்டுவிட்டது. வெள்ளம் ஓடும் வாடியில் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹாம் அபராதம், 23 பிளாக் பாயிண்ட், வண்டியை 60 நாள் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இதை வீட்டில் உரக்கப் படித்தேன். என் மனைவி சற்று யோசித்துவிட்டு, "அறுபது நாளும் அவங்களே வச்சுக்குவாங்களா?" என்று ஆசையோடு கேட்டாள்.

ஆறுதலுக்கு இராத்திரிகளில் டக்கார் ரேலி பார்க்கத் தொடங்கினேன். டியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977-இல் ஒரு பந்தயத்தின்போது பாலைவனத்தில் வழி தவறிச் சாகக் கிடந்து பிழைத்தார். பிழைத்தவர் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் இருக்க வேண்டும். இவர் மறு வருஷமே பாரிஸிலிருந்து டக்காருக்கு ஒரு பந்தயத்தையே தொடங்கிவிட்டார். 2020 முதல் அது சவூதியில் நடக்கிறது, நமக்குப் பக்கத்து வீடு. 1982-இல் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் மகன் மார்க் அதே பந்தயத்தில் சஹாராவில் ஆறு நாள் காணாமல் போனார். இரும்புப் பெண்மணியே அழுதுவிட்டார். விமானம் தேடிக் கண்டுபிடித்தது. பெரிய இடத்துப் பிள்ளை மணலில் சிக்கினால் விமானம் வரும், எனக்கு வந்தது குவாட் பைக். கேரளத்து ஹரித் நோவா 2024-இல் அந்த டக்காரின் ரேலி 2 பிரிவையே வென்றார், டிவிஎஸ் பெயர் போட்ட பைக்கில். எங்கள் அப்பாவிடம் இருந்ததும் டிவிஎஸ்தான், டிவிஎஸ் 50. தேரி ஓரம் வந்ததும் அவர் இறங்கிவிடுவார். "இறங்குலே, தள்ளு" என்று எனக்கும் சேர்த்துச் சொல்வார். ஆக, எங்கள் குடும்பத்தில் மணலில் வண்டி ஓட்டியவர்களே கிடையாது. மனைவி சொன்னது வரலாற்று உண்மை.

இதற்கிடையில் வீட்டுக் கணக்கில் கம்ப்ரஸர், டிஃப்ளேட்டர், இழுவைப் பட்டை, கொடி என்று ஏறிக்கொண்டே போனது. சோபாவில் மணல், மெத்தையில் மணல், ரசத்தில் கொஞ்சம். கடைசியில் வண்டியை விற்றோம். வாங்க வந்தவரிடம், "ஃபேமிலி யூஸ்தான், ஆஃப்-ரோடே போனதில்லை" என்று மைத்துனன் சொன்னான். நான் ஓட்டிய லட்சணத்துக்கு அது பொய்யும் ஆகாது.

மம்பட்டியை மட்டும் விற்கவில்லை. நல்லவேளை. அதன் புகழ் எனக்கு முன்பே பரவியிருந்தது. யார் வண்டி எங்கே புதைந்தாலும், "அந்த உடன்குடிக்காரரைக் கூப்பிடு" என்கிற நிலைமை. ஏழு லட்ச ரூபாய்க்குச் சமமான டயரும் சஸ்பென்ஷனும் மாட்டிய வண்டிக்காரர்கள் கைகட்டி நிற்க, நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்துப் போட்டிருக்கிறேன். மைத்துனன் இப்போது தேறிவிட்டான், கன்வாயின் கடைசி வண்டி அவன் பொறுப்பு. "எங்க அத்தான்" என்று அவன் மற்றவர்களிடம் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதைகூடத் தட்டுப்படுகிறது.

வெயில் தணிந்து இந்த சீசன் தொடங்கியதும் சேட்டன் பட்டியல் போட்டு அனுப்பினார். பெயர், வண்டி, அனுபவம் என்று மூன்று கட்டம். என் பெயருக்கு நேரே, வண்டி: மம்பட்டி. அனுபவம்: பரம்பரை.