அதோ: மாயாற்றங்கரையில் ஒரு சுட்டாய்வு

தமிழில் சுட்டெழுத்து மூன்று என்று வகுத்தது தொல்காப்பியம். தொலைவுக்கு அகரம், அண்மைக்கு இகரம், நடுவில் கிடப்பதற்கு உகரம். இந்த இலக்கணம் பறவை பார்ப்பவனுக்குப் பொருந்துமா என்று சோதிக்க, வனத்துறை அனுமதியோடு ஒரு சித்திரை நாளில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினேன். நீலகிரிக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் இடையே மழை மறைவில் கிடக்கும் பள்ளம். எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

உடன் வந்த காவலர் கையை நீட்டினார். "அதோ சார், அந்தக் காஞ்ச கிளைக்குப் பக்கத்துல." சித்திரையில் அங்கே காயாத கிளை ஏது? "எந்தக் கிளைங்க?" "கவையாப் பிரியுதுல்ல, அதுக்கு இடது கைப்பக்கம்." என் இடது கையா, மரத்தின் இடது கையா என்ற ஐயம் தீர்வதற்குள் பறவை போய்விட்டது. முதல் விதி: சுட்டு நீளநீளச் சுட்டுப்பொருள் தேயும்.

பைனாகுலர் இதற்கு மருந்தாகாது. எட்டு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, பார்க்கும் பரப்பைச் சுருக்கியும் விடுகிறது. வெறுங்கண்ணுக்கு மரமாயிருந்தது உள்ளே நாலு இலையாகிறது. எந்த மரத்து இலை என்றறிய இன்னொரு 'அதோ' வேண்டும்.

செம்மார்புக் குக்குறுவான் விஷயத்தில் இலக்கணமே கையை விரிக்கிறது. செம்பு தட்டுவதுபோல ஓயாமல் 'டொக் டொக்'; உச்சிவெயிலிலும் விடாது. கூவும்போது தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பதால் ஒலி திசைமாறி வரும். உடலும் பச்சை, இலையும் பச்சை. அரைமணியில் காவலர் ஒன்பது 'அதோ'வும் மூன்று 'இதோ'வும் சொன்னார், பறவை ஒன்றுமில்லை. நாம் கைவிட்ட உகரத்தை யாழ்ப்பாணத்தார் 'உது', 'உவன்' என்று இன்னும் காத்துவருகிறார்கள். குக்குறுவான் உட்கார்ந்திருந்தது அந்த உகரத்தில்தான் என்பது என் துணிபு.

விதிவிலக்கு, வெண்முதுகுப் பாறு. ஆற்றோர நீர்மருதில் கூடு கட்டும். ஈட்டுக்கு ஒரே முட்டை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியே இந்த இனத்தைச் சாய்த்தது. கால்நடைகளுக்கு அம்மருந்தை இந்தியா 2006இல் தடைசெய்தது. தரை சூடேறிக் காற்று மேலெழும்வரை பாறு கிளம்பாது. பத்து மணிக்கு மேல் இரண்டு எழுந்தன. நிழல் எங்கள்மேல் ஊர்ந்து போயிற்று. காவலர் கையை நீட்டவே இல்லை.

இரண்டு பறவையை வைத்து விதிவிலக்கு வகுக்கலாமா என்று அறிஞர்கள் கேட்கக்கூடும். அன்றைக்கு அங்கே இருந்தது அவ்வளவுதான்.