முதற்பிரதிப் புராணம்

மலையகத்து அட்டனில் நூல் வெளியீட்டு விழா என்றால் அழைப்பிதழே ஒரு குறுநாவல்: மங்கல விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை மூன்று, கடைசியில் பாவம், ஏற்புரை. முதற்பிரதி வாங்கும் புரவலர் கடித உறையை நீட்டி, கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். புத்தகம் தலைகீழாக இருக்கும். சிறப்புப் பிரதி பெற்றவர்கள் மேடையிலிருந்து இறங்கி நேரே பஸ் பிடிப்பார்கள். எழுத்தாளர் ஏற்புரைக்கு எழும்போது எஞ்சியிருப்பது அவர் வீட்டாரும் ஒலிபெருக்கிக்காரரும்தான்.

அப்படியொரு விழா; புத்தகம் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றியது. ஒருத்தியும் வரவில்லை. விழா சனிக்கிழமைக் காலையில். வந்தால் அன்றைய பேர் போச்சு, அதாவது நாட்சம்பளம்.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரைத் துரைமார் தோட்டத்துக்குள் விடாத காலத்தில், அவர் புடவை வியாபாரி வேடத்தில் நுழைந்ததாகச் சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். 1940இல் புத்தகமாகவும் போட்டார். எழுத்தறியாதவர்களுக்கும் காது இருந்தது. பொன்னாடை போர்த்தியதாகத் தகவல் இல்லை.

இன்றைய எழுத்தாளருக்கு வேடம் தேவையில்லை. ஐயா, அடுத்த புத்தகத்தைத் தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் வெளியிடுங்கள். நயவுரை ஒன்று போதும்; கொழுந்து நிறுவைக்கு நேரமாகிறது.