கூப்பிட்டால் வராத சர்வர்

வீட்டில் வெப் சர்வர் வைக்க எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்று நான்கு மாதம் யோசித்தவன் நான். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட பஜ்ஜி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. இத்தனைக்கும் அந்த சர்வரில் ஏற்றப்போவது நான் எழுதிய மூன்று கட்டுரைகள். அதிலும் ஒன்று பாதியில் நிற்கிறது.

“வீட்ல சர்வர் வைக்கப் போறேம்மா” என்றேன். “நாலு பேருக்குப் பரிமாற ஆள் எதுக்குடா?” என்றார் அம்மா. பரணிலிருந்து இறக்கிய பழைய லேப்டாப்பைக் காட்டினேன். “இதுக்கே ரெண்டு பல்லைக் காணோமே” என்றார். கீபோர்டைச் சொன்னார்.

முதலில் உபுண்டு. 22.04, 23.10 என்று இரண்டு இருந்தன. பெரிய நம்பர்தானே நல்லது என்று 23.10-ஐப் போட்டேன். அந்த நம்பர் வருஷமும் மாசமுமாம். 2022 ஏப்ரலில் வந்ததற்கு ஐந்து வருஷம் அப்டேட் உண்டு. 2023 அக்டோபரில் வந்ததற்கு ஒன்பதே மாதம்தான். பால் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்து வாங்குகிற ஆள்தான் நானும். அதோடு நான் இறக்கியது டெஸ்க்டாப் பதிப்பு. முதல் நாள் முழுக்க வால்பேப்பர் மாற்றினேன்.

அடுத்து ஆர்ச் லினக்ஸ். பட்டன் கிட்டன் கிடையாது; கறுப்புத் திரையில் டைப் அடித்து ஒவ்வொன்றாக நாமே கட்ட வேண்டும். மூன்று ராத்திரி கட்டினேன். நெட்வொர்க்குக்கான புரோகிராமை மட்டும் போட மறந்துவிட்டேன். அதை இறக்க நெட் வேண்டும். நெட் வர அது வேண்டும். ஆனாலும் “நான் ஆர்ச் ஆளு” என்று ஆபீசில் ஆறு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

சரி, டெபியன் போடலாம் என்று பென்டிரைவை எடுத்தேன். அதில் எழுத ‘டிடி’ என்று ஒரு கமாண்ட். எதை, எங்கே என்று சொன்னால் போதும், மறுகேள்வி கேட்காது. ‘எஸ்டிபி’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘எஸ்டிஏ’ என்று அடித்தேன். முன்னது பென்டிரைவ், பின்னது நான் தினமும் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க். அந்தக் கமாண்டுக்கு ‘டிஸ்க் டெஸ்ட்ராயர்’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு என்பதை அன்று மாலை போனில் படித்தேன். பாதியில் நின்ற கட்டுரை ஒருவழியாக முடிந்தது. பத்திரிகையிலிருந்து திரும்பி வந்த ஒரு கட்டுரை மட்டும் மெயிலில் பிழைத்திருந்தது.

டெபியன் 12 ஏறியது. 1993-இல் இயன் மர்டாக், காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்து வைத்த பெயராம் டெபியன். உருகிப்போய் என் சர்வருக்கு மனைவியின் பெயரை வைத்தேன். மறுநாள் நண்பனிடம் போனில் அந்தப் பெயரைச் சொல்லி, “காலையிலேருந்து ஹேங்குடா, எது கேட்டாலும் பதில் இல்ல, வேற ஒண்ணு மாத்திடலாமான்னு பார்க்கிறேன்” என்றேன். பின்னால் பாத்திரம் விழுந்தது. இப்போது சர்வருக்கு என் பெயர். டவுன் என்றால் வீட்டில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

ஒருநாள் பிரவுசரில் என் பக்கம் வந்தேவிட்டது. சந்தோஷத்தில் 192.168.1.5 என்ற முகவரியைக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். 192.168 என்று தொடங்குவது வீட்டு ரவுட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகும் நம்பர். ‘கொல்லைப்புற ரூம்’ என்று மட்டும் விலாசம் எழுதித் தபால் பெட்டியில் போட்ட மாதிரி. கோயம்புத்தூர் மாமா மட்டும் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று பதில் போட்டார்.

ரவுட்டரில் 80, 443 போர்ட்டுகளைத் திறந்தேன். அப்படியும் வெளியிலிருந்து யாரும் வர முடியவில்லை. நெட் கனெக்‌ஷன் தம்பி வந்து பார்த்தார். “சார், உங்களுக்குன்னு தனி ஐபி கிடையாது. நிறைய வீட்டுக்குச் சேர்த்து ஒண்ணுதான். சிஜிநாட்னு சொல்வாங்க.” “எந்த ஓஎஸ் போட்டா சரியாகும் தம்பி?” “எதைப் போட்டாலும் ஆகாது சார்.” நான்கு மாதம் பத்துப் பொருத்தமும் பார்த்தவனுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு வாசலே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மாசாமாசம் பணம் கட்டித் தனி ஐபி வாங்கினேன். அதன்பிறகு தினமும் காலை பத்து மணிக்கு சர்வர் செத்தது. லாக் படித்தேன், ராம் சோதித்தேன், கெர்னல்மேலேயே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், வீடு பெருக்கும்போது தூசி விழக்கூடாதென்று அம்மா லேப்டாப்பை மூடித் துண்டு போர்த்துவிட்டுப் போவார். மூடினால் தூங்கிவிடுவது லேப்டாப்பின் குணம். செட்டிங்கில் ஒரு வரி மாற்றினேன். இப்போது துண்டுக்குள் தூங்காமல் வேகிறது.

அவசரத்துக்கு வெளியிலிருந்து லாகின் செய்ய இருக்கட்டும் என்று 22-ஆம் போர்ட்டையும் திறந்து வைத்திருந்தேன். முதல் ராத்திரியே லாக்கில் நூற்றுக்கணக்கான வருகை! மனைவியை எழுப்பிக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தால் அத்தனையும் ‘பாட்’ எனும் தானியங்கி புரோகிராம்கள். ‘ரூட்’, ‘அட்மின்’ என்ற பெயர்களில் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பவை, நான் போடவே போடாத வேர்ட்பிரஸ்ஸின் லாகின் பக்கத்தைத் தேடுபவை. திருட வந்தவன்கூட என் கட்டுரையைத் தொடவில்லை.

போன வாரம்தான் கவனித்தேன். ஒரே ஒருத்தர் மட்டும் தினமும் காலை பத்தேகாலுக்குத் தவறாமல் கட்டுரையைத் திறக்கிறார். நெஞ்சு அடித்துக்கொள்ள ஐபியைப் பார்த்தேன்: 192.168.1.7. அம்மாவின் போன். நான் தப்பாக அனுப்பிய லிங்க் உலகத்திலேயே வேலை செய்வது எங்கள் வீட்டுக்குள் மட்டும்தானே.

“படிக்கிறியாம்மா?” என்று கேட்டேன்.

“துண்டு போர்த்தினதுக்கப்புறம் ஓடுதான்னு பார்ப்பேன்டா. அதையெல்லாம் யார் படிக்கிறது?”